மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள்

அந்தக் கிறிஸ்தவக் கோயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு எழுந்தது. அறுபது வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, கொட்டுகிற மழையில் இரண்டு தெரு நடந்து, எழுபத்திரண்டு படி ஏறி, நாலாவது மாடியில் ஒரு குழாய்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டியது. மணி, பாட்டுப் புத்தகங்கள், காணிக்கைப் பை, முன்வரிசையில் தூங்குகிற பெரியவர் எல்லாம் சேர்த்துத்தான். பெஞ்சுகள் மட்டும் வரவில்லை, அவற்றுக்கு முட்டிவலி.

இதை அந்த வட்டாரத்தில் எல்லோரும் நம்பினார்கள். ரொட்டிக்கடைக்காரர் நம்பினார். தபால்காரர் நம்பினார். எந்தச் சாமியையும் அதுவரை ஒரு பொருட்டாக மதிக்காத மூன்றாம் மாடித் தையல்காரம்மாகூட, "என் வாசப்படியில மட்டும் பதினெட்டு பேர் நின்னு ஆமென் சொன்னாங்க" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அந்தக் குழாய்க்காரர்.

"கோயிலாவது ஏறுறதாவது. சுத்தப் புளுகு" என்பார்.

தட்டப்பட்டது அவர் வீட்டுக் கதவு. திறந்ததும் அவரேதான்.

குழாய்க்காரருக்கு அப்போது அறுபத்தொன்று. அந்த ஊரில் அவர் கை படாத குழாய் கிடையாது. சுவரில் காதை வைத்தால் போதும், எந்த வீட்டில் எந்த வாஷர் தேய்ந்திருக்கிறது, அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு எத்தனை நாளாகிறது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். நகரசபைக்காரர்கள் ஒரு தெருவையே தோண்டிப்போட்டுப் பதினோரு நாள் தேடிய கசிவை, அவர் கையில் டீ கிளாஸோடு நடந்துபோய், பூட்ஸ் காலால் இரண்டு தட்டு தட்டி, "இங்க" என்றார். அங்கேதான் இருந்தது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளியலறையில் ஒரு குழாய் ஒழுகியது.

பெரிய ஒழுக்கு இல்லை. பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு. "அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள் மனைவி. "நாளைக்கு" என்பார். அந்த நாளைக்கு நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் அவள் அந்த ஈரத்தில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவர், பையைத் திறந்து, பழைய வாஷரை நெம்பி எடுத்து, புதியதைப் போட்டு முடுக்கினார். முடித்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

மனைவியைச் சபையில் எல்லோரும் ஆல்ட்டோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாடகர் குழுவில் மேல்குரல் பாட முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்; பாட்டுக்கு அடியில் நின்று அதைத் தாங்குகிற இரண்டாம் குரலுக்கு ஆள் வராது. அந்த ஆல்ட்டோவை அவள் இருபத்தாறு வருஷம் ஒற்றை ஆளாகச் சுமந்தாள். இரண்டாம் வரிசை, இடது ஓரம், தூணை ஒட்டிய இடம். "தூண் சாஞ்சாலும் தங்கச்சி சுருதி சாயாது" என்பார் கோயிலில் மணியடிக்கிறவர். மணிக்காரரும் குழாய்க்காரரும் பால்யத்திலிருந்தே கூட்டாளிகள்; பார்த்தால் திட்டிக்கொள்ளாமல் இருக்கமாட்டார்கள்.

விழுந்த பிறகும் அவள் ஞாயிறு தவறவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லிஃப்டில் இறக்கி, குழாய்க்காரர் தள்ளிக்கொண்டு போவார். பிறகு லிஃப்ட் செத்தது. 'விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். காகிதம் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, அதன் பின்னால் ஒரு சிலந்தி குடித்தனம் தொடங்கி, பிள்ளைகுட்டி பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது. லிஃப்ட் வரவில்லை.

தையல்காரம்மா ஒரு தடவை நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஊசியைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத கை. முதல் வளைவிலேயே நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "என்னால இன்னொருத்தி சாக வேணாம்மா" என்று ஆல்ட்டோக்கா திரும்பி வரச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே குழாய்க்காரர் போதகரிடம் போனார். போதகர் இளைஞர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"பாஸ்டர், ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ஒரு ஆள் வேணும். நாற்காலில ஒரு பக்கம் நான் பிடிச்சுக்குவேன். மறுபக்கம் பிடிக்கத்தான் ஆளில்ல."

"கண்டிப்பா அண்ணே. அக்காவ ஜெபத்துல வச்சுக்கறோம்."

"ஜெபத்துல வைங்க. நாற்காலிலயும் கை வைக்கணும்ல?"

போதகர் விழுந்து விழுந்து சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

குழாய்க்காரர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. "இன்னொரு வாட்டி கேளுங்களேன், அவங்களுக்கு மறந்திருக்கும்" என்பாள் மனைவி. "கேட்டாச்சு" என்பார். கல்லுளிமங்கன், ஒரு சொல் ஒரு தடவைதான். மணிக்காரரிடமாவது வாய் திறந்திருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. தெருவில் பார்த்தால், "என்னய்யா, தங்கச்சி எப்படி இருக்கு?" என்பார் அவர். "மேல இருக்கா" என்பார் இவர். அதோடு சரி.

இப்படி முப்பத்துநாலு ஞாயிறு போனது. முப்பத்துநாலிலும் வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் அவள் பெயர் முதலில் வந்தது. அது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். கோயில் கூரையில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. மேற்குக் காற்றடித்தால் முழு ஆராதனையும் ஜன்னலுக்கு வந்துவிடும். கிழக்குக் காற்றென்றால் ஆமென் மட்டும். மழை நாளில் ஒன்றும் வராது. அன்றைக்கு அவளே பிரசங்கம் செய்துவிடுவாள்.

"இன்னைய வசனம் என்னன்னா, உங்க பருப்பு சூப்புல உப்பு இல்ல."

"போட்டேனே."

"எங்க போட்டீங்க? பக்கத்து வீட்டுச் சட்டியிலயா?"

அவர் உப்பு ஜாடியைக் கொண்டுவருவார். ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி சூப்பில் நனைத்து ஊட்டுவார். ரென்ச் பிடித்துத் தடித்த விரல்கள். ரொட்டித் துண்டு பாதி அவர் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். "எனக்கு ஊட்டறீங்களா, உங்க கைக்கு ஊட்டறீங்களா?" என்பாள். சாப்பிட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்பாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ. அந்தத் தூணுக்குப் பக்கத்துல. ஒரு பாட்டுக்கு மட்டும். கொண்டுபோயிடுவீங்கல்ல?"

"கொண்டுபோறேன்."

நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் இப்போது சொல்வதில்லை.

இதற்கிடையில் கோயிலுக்கே உடம்பு சரியில்லாமல் இருந்தது. முந்நூறு பேர் உட்காருகிற இடத்தில் எழுபது பேர். போதகருக்குக் கவலை. எங்கோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம், கையில் நாற்பது மஞ்சள் பனியன்கள். முதுகில் கொட்டை எழுத்தில் 'உங்களுக்காக நாங்கள்' என்று அச்சடித்திருந்தது. "சபை நாலு சுவருக்குள்ள செத்துக்கிட்டிருக்கு. மக்கள்கிட்ட போனாத்தான் விசுவாசம் உயிர்க்கும்" என்றார். சொன்னதில் தப்பே இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பூங்காவில் காகிதம் பொறுக்கினார்கள். பொறுக்கக் காகிதம் போதாமல், பொறுக்கியதையே கொஞ்சம் திரும்பப் போட்டுப் பொறுக்கினார்கள் என்று தையல்காரம்மா சொல்வாள். அவளை முழுக்க நம்பமுடியாது. எல்லாவற்றுக்கும் போட்டோ உண்டு.

முப்பத்துநாலாம் ஞாயிறு கழிந்த வாரத்தில் ஆல்ட்டோக்காவுக்கு முதுகில் படுக்கைப்புண் வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஒரு காற்று மெத்தை கொண்டுவந்து கொடுத்தாள். பழைய மெத்தையைச் சனிக்கிழமை விடியலில் குழாய்க்காரர் சுருட்டிக் கட்டித் தோளில் போட்டு, எழுபத்திரண்டு படியும் தனியாளாக இறக்கி, குப்பைத்தொட்டி பக்கத்தில் சாத்திவிட்டு வேலைக்குப் போனார். மெத்தையை ஒற்றை ஆள் இறக்கலாம். அது வலிக்குது என்று சொல்லாது.

அன்றைக்கு மஞ்சள் பனியன்களின் தெருச்சுத்தம். எட்டுப் பேர் அந்த மெத்தையிடம் வந்தார்கள். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். தூக்கும்போது கட்டு அவிழ்ந்து மெத்தை விரிந்துகொண்டது. அதன் உறை பழைய பாடகர் அங்கியின் நீலத்துணி; ஆல்ட்டோக்கா தன் கையால் தைத்தது. அந்த நீலத்தை மணிக்காரர் கண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ, இது தங்கச்சி மெத்தைடா."

நோயாளியின் மெத்தை தெருவுக்கு வந்தால் என்ன அர்த்தம்? எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெத்தையை இரண்டு தெரு தள்ளியிருந்த குப்பைவண்டி வரை, சவப்பெட்டி போல, அடிமேல் அடி வைத்துத் தூக்கிப்போனார்கள். குப்பைவண்டிக்காரர்கூட பீடியை அணைத்தாராம். நாலு மாடி ஏறி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துக்க வீட்டில் இந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

மறுநாள் ஞாயிறு. நல்ல மேற்குக் காற்று. ஒலிபெருக்கி ஜன்னலுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. குழாய்க்காரர் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"...நமது அன்புச் சகோதரி, சபையின் ஆல்ட்டோக்கா, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை மிகுந்த துயரத்தோடு..."

சீப்பு அப்படியே நின்றது.

"என்னங்க, யாரு? நானா?"

"என்ன சொல்றான் இவன்! என்ன சொல்றான்!"

"ஷ்! சும்மா இருங்க. நல்லாப் பேசறாங்க. கேட்க விடுங்க."

போதகர் உருகிப்போய்ப் பேசினார். அவள் தாழ்மையைப் பற்றி, பொறுமையைப் பற்றி, சபை கடைசிவரை அவளைத் தாங்கியதைப் பற்றி. "தாங்குனாங்களாம்" என்று குழாய்க்காரர் பல்லைக் கடித்தார். "இருங்கன்னா. பொறுமைய இன்னொரு தடவ சொல்றார் பாருங்க. உங்ககூட முப்பத்தஞ்சு வருஷம் இருந்ததுக்கு இவராவது சொன்னாரே" என்றாள் அவள். ஒரு நிமிட மௌனம். இங்கே நாலாம் மாடியிலும் ஒரு நிமிடம் மௌனம். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளுக்குப் பிடித்த பாட்டைத் தொடங்கினார்கள். மேல்குரல்கள் கிளம்பின, அடியில் தாங்க ஆளில்லாமல்.

"ஆல்ட்டோ இல்லாம பாட்டு நொண்டுது பாருங்க" என்றாள். பிறகு கட்டிலில் படுத்தபடியே தன் குரலைத் தானே போட்டாள். தன் சாவுப்பாட்டுக்குத் தானே இரண்டாம் குரல். இரண்டாவது அடிக்கு மேல் மூச்சு வரவில்லை. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வழியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாவும் வந்துடுச்சு. அப்பவும் ஒருத்தரும் படியேறல பாத்தீங்களா" என்றாள்.

குழாய்க்காரர் படியிறங்கினார் என்று சொல்லக்கூடாது. விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுச் செருப்போடு, தோளில் அவள் முடி ஒட்டிய துண்டோடு, நடுப்பாட்டில் கோயிலுக்குள் நுழைந்து நடைபாதையில் நின்றார். பாட்டு ஒவ்வொரு வரிசையாகச் செத்தது.

"என் பொண்டாட்டி சாகல."

யாரோ, "ஸ்தோத்திரம்" என்றார்கள், பழக்கதோஷம்.

"யோவ்," மணிக்காரர் எழுந்தார். "மெத்தை... நாங்க மெத்தையப் பாத்தோம்யா..."

"மெத்தையத் தூக்கினது யாரு?"

எட்டுக் கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

"எட்டு பேரு. ஒரு மெத்தைக்கு எட்டு பேரு! நான் ஒரு ஆள்தானே கேட்டேன்? நாற்காலிக்கு மறுபக்கம் ஒரே ஒரு ஆள். எட்டு மாசமா அவ பேரைப் படிச்சீங்க. தினம் சாயங்காலம் அந்த ஜன்னல்ல உக்காந்து உங்க கூரையப் பாத்துக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்தா தெரியற தூரம்டா!"

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, இப்பவே வர்றோம். இப்பவே கூட்டிட்டு வந்துடலாம்."

வந்தார்கள். போதகர், மணிக்காரர், மஞ்சள் பனியன்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். நாலாம் மாடியில் நாக்கு வெளியே தள்ள நின்றவர்களைப் பார்த்து ஆல்ட்டோக்கா, "வாங்கண்ணே. என் சாவுக்கா வந்தீங்க? உக்காருங்க, சூப் இருக்கு, உப்புதான் இருக்காது" என்றாள். மணிக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாற்காலியைக் கொண்டுவந்து, நாலு பேர் மெதுவாக, மெதுவாக அவளைத் தூக்கினார்கள். ஒரு சாண் உயர்ந்திருப்பாள். அவள் போட்ட சத்தத்தில் தையல்காரம்மா கீழே ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே வந்து சொன்னாள்.

"எலும்பெல்லாம் ரஸ்க் மாதிரி ஆயிடுச்சுங்க. தூக்கினா எங்க உடையும்னே சொல்ல முடியாது. இனிமே அசைக்கக் கூடாது."

"இனிமேன்னா? எப்பவுமா?"

"எப்பவும்தாங்க. மூணு மாசம் முன்னாடின்னா தாராளமா எறக்கியிருக்கலாம். அப்ப கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

குழாய்க்காரர் அன்று சாயங்காலம் இதைக் கோயில் படியில் வைத்துப் போதகரிடம் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் போதகருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. எப்படி... எப்படி விட்டோம்னே தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றார் குழாய்க்காரர். "அஞ்சு நிமிஷ வேலைங்க பாஸ்டர். பெரிய வேலையின்னா உடனே செஞ்சிருப்போம். அஞ்சு நிமிஷ வேலையத்தான் தள்ளிப்போடுவோம்."

நாம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். போதகர் அதைக் கவனித்தாரோ இல்லையோ.

வீட்டில் ஆல்ட்டோக்கா கேட்டாள், "என்ன, தூக்கக் கூடாதுன்னுட்டாளா?"

"யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது. சரி விடுங்க. நான் போக முடியலன்னா அவங்கள வரச் சொல்லுங்க. ஒரு பாட்டுக்கு. பிரசங்கம் வேண்டாம், அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல."

இப்படித்தான் அந்தக் கோயில் எழுந்தது. ஞாயிறு காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கிணறு கிணறாக இறங்கிய மழை. தெருவில் நடந்தவர்கள் நீந்தினார்களா நடந்தார்களா என்று அவர்களுக்கே சந்தேகம். அப்படியும் எழுபத்துமூன்று பேர் வந்தார்கள். வீட்டுக்குள் பன்னிரண்டு பேர் நுழையவே முக்கால்வாசிப் பேர் மூச்சுவிடக் கூடாது. மீதிப்பேர் படியில் நின்றார்கள். கால் வலிக்கிறவர்கள் கீழே, வலிக்காதவர்கள் மேலே. அடிக்குரலில் பாடுகிற ஆண்கள் தரைத்தளத்தில். மணிக்காரர் கைமணியோடு முதல் படியில், சிலந்தியின் லிஃப்டுக்குப் பக்கத்தில். தையல்காரம்மா ஸ்டூல்களை வெளியே போட்டு, "சாமிக்கில்ல, நனைஞ்சு வந்திருக்கீங்களேன்னு" என்று சொல்லிக்கொண்டே டீ ஊற்றினாள். எந்தெந்தக் கதவுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் மாடியில் கண் தெரியாத ஒருவர். முதல் மாடியில் மூன்று மாதக் குழந்தையோடு தனியாக ஒரு பெண். அவர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

போதகர் பதினோரு பக்கப் பிரசங்கம் எழுதி வந்திருந்தார். இரண்டாம் மாடி வளைவில் நின்று அதை வெளியே எடுத்தார். மழையில் மை கரைந்து, பதினோரு பக்கமும் ஒரே நீலமாகியிருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு வரி மட்டும் சொன்னார்.

"நாங்க மெத்தையைத் தூக்கினோம், உங்களைத் தூக்கல. மன்னிச்சிடுங்கக்கா."

மேலே கேட்கவில்லை. அடுத்த படியில் நின்றவர் அதை அதற்கடுத்த படிக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்கு. வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுவதுபோல் அந்த வரி படிப்படியாக ஏறியது. ஒவ்வொருவரும் தன் வாயால் அதைச் சொல்லவேண்டியிருந்தது. முப்பத்தாறு வாய். கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பாடகிப் பெண் அதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

"மெத்தை ரொம்பக் கனமான்னு கேளுங்க" என்றாள் ஆல்ட்டோக்கா.

அதுவும் படிப்படியாக இறங்கியது. தரைத்தளம் வரை போனது. கீழே மணிக்காரர் கைமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பிறகு பாட்டு. நாலு மாடிப் பாட்டு. தரைத்தளத்துக்கும் மேல்மாடிக்கும் ஒரு வரி வித்தியாசம். மேலே ஒரு வரியை முடித்தபோது கீழே அதை ஆரம்பித்திருந்தார்கள். உலகத்தில் அதைவிட அலங்கோலமாக ஒரு பாட்டு பாடப்பட்டதில்லை. "மேல்குரல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காது கிழியுது" என்று ஆல்ட்டோக்கா கையை ஆட்டினாள். மூன்றாம் சரணத்தில் அவள் சேர்ந்தாள். நூல்போன்ற குரல். முதலில் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் தணிந்தார்கள், அவளைக் கேட்பதற்காக. அவர்கள் தணிந்ததால் வாசலில் நின்றவர்கள் தணிந்தார்கள். பிறகு மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. தரைத்தளத்தில் அடிக்குரல்காரர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்துமூன்று பேர் சேர்ந்து, ஒருத்தியைத் தாங்கினார்கள்.

குழாய்க்காரர் பாடவில்லை. குளியலறைக் கதவோரம் நின்றார். அந்தக் குழாயை ஏற்கனவே முடுக்கியிருந்தும், கையால் ஒருமுறை முடுக்கிப் பார்த்தார். படிக்கு எத்தனை பேர், எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

"தூண் மட்டும்தான் இல்ல" என்றாள் அவள், எல்லோரும் போனபின். "பரவாயில்ல. நீங்க அங்கயே நில்லுங்க கொஞ்ச நேரம்."

அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார்.

பதினோராம் நாள் அவள் போய்விட்டாள். இம்முறை கேட்காமலே நாற்பது பேர் படியேறி வந்தார்கள். பெட்டியை யாரும் வளைவில் இடிக்கவில்லை. அடுத்த வாரம் போதகரும் மணிக்காரரும் தினம் நகரசபை வாசலில் உட்கார்ந்து தொல்லை கொடுத்ததில் லிஃப்டைச் சரிசெய்தார்கள். குழாய்க்காரர் இன்றுவரை அதில் காலெடுத்து வைத்ததில்லை. பை நிறைய இரும்போடு படியில்தான் ஏறுகிறார்.

மஞ்சள் பனியன்கள் தரை துடைக்கிற துணியாகிப் போயின. போட்டோவும் நின்றது. பதிலுக்குக் கோயில் கதவில் ஒரு பலகை. யாருக்கு எந்த மாடியில் மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டுமோ அதை எழுதிப்போட. சிலிண்டர், பீரோ, வயசானவர்கள், எல்லாம். கண் தெரியாதவர் ஞாயிறு தோறும் வர ஆரம்பித்தார். குழந்தைக்காரி வந்தாள். எழுபது, நூற்றிருபதானது. போதகர் போகிற கூட்டமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார், சபை உயிர்த்த கதை என்று. மணிக்காரர் சொன்னதில் கோபுரமும் படியேறியது. குழாய்க்காரர் மட்டும் புளுகு புளுகு என்றே சொன்னார். ஏறியது உண்மை என்று ஒத்துக்கொண்டால், ஏற முடிந்தது என்றாகிவிடும். முப்பத்துநாலு ஞாயிறும் ஏற முடிந்திருந்தது என்றாகிவிடும்.

ஆனால் பலகையில் பேர் விழுந்தால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஒரு பேச்சு இல்லாமல் நாற்காலியின் கீழ்ப்பக்கத்தைப் பிடிப்பார். கனம் அந்தப் பக்கம்தான்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு, வேறொரு கட்டடம், மூன்றாம் மாடி. கால் விளங்காத ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர் ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே மணிக்காரர், கீழே குழாய்க்காரர். மணிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கதையைச் சொல்லிக் கோபுரம் வரை வந்துவிட்டார்.

"சும்மா இருய்யா" என்றார் எழுத்தர். "கோயில் படியேறுச்சாம். இவர் வாயத் திறந்தாலே இப்படித்தானா? நீங்க சொல்லுங்க, உங்களப் பாத்தா பொய் சொல்றவர் மாதிரி தெரியல. இவர் சொல்றது நெசமா?"

"அந்த ஆளைக் கேக்காதீங்க" என்றார் மணிக்காரர். "அவன் ஒத்துக்கவே மாட்டான்."

வளைவு வந்தது. குழாய்க்காரர் நாற்காலியை நெஞ்சில் தாங்கித் திருப்பினார். மூன்று படி இறங்கினார்.

"அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரே ஒரு ஆள் ஏறியிருந்தாப் போதும்" என்றார். "அவ எறங்கியிருப்பா."

மணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் இரண்டு படி.

"கேட்டீங்கல்ல" என்றார் குழாய்க்காரர், எழுத்தரின் முகத்தைப் பார்க்காமல், அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டு. "ஏறுச்சு. எழுபத்துமூணு பேரு. நான்தான் கதவத் திறந்தேன்."